யார் செய்த பாவம் என்று கேட்கும் முன்



யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் வழியில் ஒரு மனிதனைக் காண்கிறார்கள். பிறந்த நாள் முதல் பார்வை இல்லாதவன். அவனுக்கு என்ன தேவை என்று அவர்கள் விசாரிக்கவில்லை. அவனுடைய பெயரையும் கேட்கவில்லை. அவன் இப்படிப் பிறந்ததற்குக் காரணமான பாவம் அவனுடையதா, அவனைப் பெற்றவர்களுடையதா என்பதே அவர்கள் ஆண்டவரிடம் கொண்டுவந்த கேள்வி. இரண்டில் ஒன்றுதான் விடையாக இருக்க முடியும் என்று முன்னமே தீர்மானித்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. ஆண்டவரோ இரண்டையும் மறுத்தார்.

அந்தக் கேள்வி இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை. போதைப்பழக்கத்தில் விழுந்த ஒருவரைக் காணும்போதும், அவர் பெற்ற பிள்ளைகளைக் காணும்போதும் நம் நாவில் முதலில் எழுவது அதுவே. சென்ற நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கா என்னும் பெரிய தேசம் இதே கேள்வியைக் கேட்டது. விசாரித்து அறியும் முன்னே விடையையும் சொல்லிவிட்டது. அந்த விடை தவறு என்று காட்டுவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. பொறுமையாகக் கணக்கெடுத்த ஆய்வாளர்களே அதைக் காட்டினார்கள். அவர்களுடைய வேலையைத் தொடர இன்று முன்வரும் இளம் ஆய்வாளர்களைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அவர்கள் செய்வது இரக்கத்தின் ஊழியம் என்பது என் துணிபு. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையோடு வாசியுங்கள்.

1980-களில் அமெரிக்க நகரங்களில் ‘கிராக்’ என்னும் போதைப்பொருள் பரவியது. அது கொகெய்னின் மலிவான வடிவம், புகைத்துப் பயன்படுத்துவது. ஏழைகள் வாழும் தெருக்களில், குறிப்பாகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில், அது பெரும் நாசம் செய்தது. 1985-இல் ஐரா சாஸ்னாஃப் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் சிறு ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். கர்ப்பகாலத்தில் கொகெய்ன் பயன்படுத்திய 23 பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் பற்றியது அது. தொடக்கநிலை ஆய்வு, மேலும் ஆராய வேண்டும் என்பதற்கான அறிகுறி. ஆனால் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் மேலும் ஆராயும்வரை காத்திருக்கவில்லை. ‘கிராக் குழந்தைகள்’ என்று ஒரு பெயர் பிறந்தது. ஒரு தலைமுறையே மூளை பழுதடைந்து வளரப்போகிறது, பள்ளிக்கூடங்கள் அதைத் தாங்கமாட்டா என்று எழுதினார்கள், பேசினார்கள். பெற்றவளின் பாவம் பிள்ளையின் மூளையில் எழுதப்பட்டுவிட்டது என்பதே அதன் சாரம்.

பயம் சட்டமாக மாறுவதற்கு அதிக காலம் ஆகவில்லை. 1986-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 5 கிராம் கிராக்கை விற்பனைக்காக வைத்திருந்தவருக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே ஐந்து ஆண்டுச் சிறை தூள் கொகெய்னுக்கு வேண்டுமானால் 500 கிராம் இருக்க வேண்டும். பொருள் ஒன்றே, வடிவம் மட்டும் வேறு. தண்டனையில் நூறு மடங்கு வேற்றுமை. கிராக் வழக்குகளில் சிறை சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த நூறு மடங்கு, பதினெட்டு மடங்காகக் குறைவதற்கே 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கொடியது. தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், 1989 முதல் ஒரு அரசு மருத்துவமனை, பிரசவத்துக்காக வந்த பெண்கள் சிலரின் சிறுநீரைச் சோதித்து, முடிவைக் காவல்துறையிடம் கொடுத்தது. சிகிச்சை தேடி வந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுடைய சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்வது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் பயந்து மருத்துவமனை வாசலையே மிதிக்காமல் இருந்திருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 1990-இல் அதே சாஸ்னாஃப் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். புளோரிடா மாநிலத்தின் பினெல்லஸ் பகுதியில் கர்ப்பகாலச் சோதனைக்கு வந்த 715 பெண்களை, அரசு மருத்துவ நிலையங்களுக்கு வந்தவர்கள், தனியார் மருத்துவர்களிடம் வந்தவர்கள் என்ற வேற்றுமை இன்றி, அவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். போதைப்பொருளோ மதுவோ பயன்படுத்தியதற்கான அடையாளம் வெள்ளையின பெண்களில் 15.4 சதவீதத்தினரிடமும் கறுப்பின பெண்களில் 14.1 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. ஏறத்தாழ சமம். ஆனால் சட்டப்படி அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்தபோது, கறுப்பின பெண்கள் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாக அறிவிக்கப்பட்டிருந்தார்கள். பழக்கம் ஒன்று, தீர்ப்பு வேறு. எண்ணிப் பார்க்கும்வரை இது யாருடைய கண்ணிலும் படவில்லை.

அந்த நாட்களில்தான் பிலடெல்பியா நகரில் ஹாலம் ஹர்ட் என்னும் பெண் மருத்துவர், பச்சிளங்குழந்தைகளைக் கவனிப்பவர், தம் பணியைத் தொடங்கினார். 1989 முதல் 1992 வரை பிறந்த 224 குழந்தைகளை அவருடைய குழுவினர் ஆய்வில் சேர்த்தார்கள். பாதிப் பேரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் கொகெய்ன் பயன்படுத்தியவர்கள். மறுபாதிப் பேரின் தாய்மார் பயன்படுத்தாதவர்கள். இரு பிரிவினரும் ஒரே நகரத்தின் வறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவர். இரண்டு பிரிவுகளுக்கும் இடையே பெரிய வேற்றுமை தெரியும் என்றே எதிர்பார்த்தார்கள்.

நான்கு வயதில் நுண்ணறிவைச் சோதித்தபோது, கொகெய்னின் பாதிப்புக்கு உள்ளான குழந்தைகளின் சராசரி 79.0. மற்றக் குழந்தைகளின் சராசரி 81.9. நாட்டின் பொதுச் சராசரியோ 100. ஆறு வயதில் பள்ளிக்கு ஆயத்தமா என்று பார்த்தபோது, இரு பிரிவுகளிலுமே ஏறத்தாழ கால் பங்குப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பிரிவுக்கும் இடையே எதிர்பார்த்த பள்ளத்தைக் காணோம். இரண்டையும் சேர்த்து விழுங்கிய வேறொரு பள்ளம் கண்ணில் பட்டது. அதன் பெயர் வறுமை. ஏழு வயதுக்குள் அந்தப் பிள்ளைகள் எதை எதைக் கண்டிருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். 74 சதவீதத்தினர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். 35 சதவீதத்தினர் ஒருவர் சுடப்படுவதையே நேரில் கண்டிருந்தார்கள். 19 சதவீதத்தினர் தெருவில் பிணத்தைப் பார்த்திருந்தார்கள். 2013-இல் ஆய்வு முடிந்தபோது, தொடர்பில் இருந்த சுமார் 110 பேர் இருபது வயதைக் கடந்த இளைஞர்கள். கருவில் பட்ட கொகெய்னைவிட, வளர்ந்த வறுமையே அவர்களை வலிமையாகப் பாதித்தது என்பது அந்தக் குழுவின் முடிவு.

இதைக் கேட்டு, கர்ப்பகாலத்தில் போதைப்பொருளால் தீங்கே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குறைப்பிரசவத்துக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் கொகெய்ன் காரணமாகலாம். மதுவினால் கருவுக்கு வரும் கேடு இன்னும் உறுதியாக அறியப்பட்டது. 1973 முதலே மருத்துவ உலகம் அதற்குப் பெயரிட்டு விவரித்திருக்கிறது. ஆனால் உறுதியாக அறியப்பட்ட கேட்டைச் செய்யும் மது கடையில் விற்கப்பட்டது. மிகைப்படுத்தப்பட்ட கேட்டுக்காக ஏழைத் தாய்மார் விலங்கிடப்பட்டார்கள். உண்மை இரண்டு பக்கமும் அளந்து பேசும். அவசரத் தீர்ப்புக்கு அந்த அளவுகோல் கிடையாது.

இப்போது அந்த வேலையைத் தொடர வருகிறவர்களைப் பாருங்கள். முனைவர் பட்டமோ மருத்துவப் பட்டமோ பெற்று முடிக்கும்போது அவர்களுக்கு வயது முப்பதை ஒட்டியிருக்கும். கல்விக்கடன் தோளில் இருக்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அவர்களுக்கு அளிக்கும் பயிற்சிக்கால நிதி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உரியது. தன் பெயரில் முதல் பெரிய ஆய்வு நிதியைப் பெறும்போது பெரும்பாலோர் நாற்பது வயதைத் தாண்டிவிடுகிறார்கள். இதற்கிடையே கட்டுரைகள் வெளிவர வேண்டும். வராவிட்டால் வேலை நிலைக்காது. பிலடெல்பியாவின் குழந்தைகள் வளர்ந்து ஆளாகும்வரை காத்திருந்ததால்தான் உண்மை தெரிந்தது. ஐந்து ஆண்டுக்குள் தன்னை நிரூபிக்க வேண்டிய இளைஞருக்கு அந்தக் காத்திருப்பை யார் கொடுப்பார்? 23 பேரைப் பற்றிய ஆய்வு ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும். 224 பேரைப் பின்தொடர்வது ஒரு வாழ்நாளைக் கேட்கும்.

இன்னும் ஒரு பாரம் உண்டு. பாதிக்கப்பட்ட மக்களிடையே பிறந்து வளர்ந்தவர்களே இந்தத் துறையை மிகுதியாகத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வழி எளிதாக இல்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தேசிய நிறுவனங்களுக்கு 2000 முதல் 2006 வரை வந்த விண்ணப்பங்களை அலசியது. கல்வி, பயிற்சி, வெளியீடுகள் போன்றவற்றை ஒப்பிட்டுச் சரிசெய்த பின்னரும், கறுப்பின ஆய்வாளர்கள் நிதி பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாகவே இருந்தது. 2019-இல் வந்த மற்றோர் ஆய்வு அதற்கு ஒரு பகுதிக் காரணத்தைக் காட்டியது: மக்களோடும் சமூகத்தோடும் நெருங்கிச் செய்யும் ஆய்வுத் தலைப்புகளுக்கு நிதி குறைவாகவே கிடைக்கிறது, கறுப்பின ஆய்வாளர்கள் அந்தத் தலைப்புகளையே அதிகம் எடுக்கிறார்கள். தன் ஜனத்தின் துயரத்தை ஆராய விரும்புவதற்கே ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 2025-இல் அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு நிதிகள் பாதியில் நிறுத்தப்பட்டன. சுகாதார ஏற்றத்தாழ்வுகளைப் பற்றியவை அவற்றில் பல. வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை சென்றன. மூத்தவர்களுக்கு வேறு வழிகள் இருக்கலாம். தொடக்க நிலையில் இருப்பவருக்கு நிதி நின்றால், அநேகமாகப் பணியும் நின்றுவிடுகிறது.

அந்தப் பணி நின்றால் என்ன இழப்பு என்று கேட்பீர்களானால், 2022-ஆம் ஆண்டின் கணக்கைச் சொல்லுகிறேன். போதைப்பொருள் மிகையால் அமெரிக்காவில் அந்த ஓராண்டில் மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வெள்ளையரில் லட்சம் பேருக்கு 35.6 மரணங்கள்; கறுப்பினத்தவரில் 47.5, அம்மண்ணின் பூர்வகுடிகளில் 65.2. ஏன் இந்த வேற்றுமை? ஹெராயின் போன்றவற்றின் பிடியிலிருந்து மீள உதவும் புப்ரினார்ஃபின் என்னும் மருந்தை, உள்ளூர் மருத்துவரே எழுதிக் கொடுக்கலாம், வீட்டிலேயே உட்கொள்ளலாம். அதே நோக்கமுடைய மெத்தடோனுக்கோ, தனி நிலையத்துக்கு நாள்தோறும் சென்று வரிசையில் நிற்பதே நெடுங்கால வழக்கம். மருத்துவரைக் காணச் செல்லும் கறுப்பின நோயாளிக்குப் புப்ரினார்ஃபின் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட வெகு குறைவு என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரே நோய்க்கு ஒருவருக்கு வீட்டு மருந்து, இன்னொருவருக்கு வரிசை. மனந்திரும்புதலின் குறைவு என்று நாம் நினைத்த இடத்தில் மருந்தின் குறைவு இருந்திருக்கிறது. இதைக் கண்டறியாத நாளெல்லாம் நாம் தவறான இடத்தில் பிரசங்கித்துக்கொண்டிருப்போம்.

இந்த ஆய்வுக்கு மனிதர்கள் மனம் திறக்க வேண்டும். சட்டவிரோதமான ஒன்றைச் செய்ததாக முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்புக்கொள்ள எவரும் அஞ்சுவார். 1970 முதல் அமெரிக்கச் சட்டம் இதற்கு ஒரு காப்பு தந்திருக்கிறது. ஆய்வில் பங்கேற்றவரின் அடையாளத்தை நீதிமன்றம் கேட்டாலும் ஆய்வாளர் வெளியிட வேண்டியதில்லை என்னும் இரகசியக் காப்பு அது. 2017 முதல் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு அது தானாகவே பொருந்துகிறது. சபையில் ஒருவர் தன் பாவத்தைச் சொல்லி அழும்போது, கேட்ட போதகர் அதை வாய்விட்டு வெளியே சொல்லலாகாது என்பதை நாம் அறிவோம். ஓர் இளம் ஆய்வாளரும் கேள்வித்தாளோடு ஒருவர் எதிரே அமர்ந்து, முகம் சுளிக்காமல் கேட்டு, கேட்டதைக் காத்து, பின் எல்லாருடைய நன்மைக்காகவும் எண்ணாக மாற்றித் தருகிறார். இரண்டு பணிகளும் ஒன்றல்ல, ஆனாலும் உடன்பிறந்தவை.

உங்களில் சிலர் கேட்கலாம்: பாவத்தைப் பாவம் என்று சொல்லாமல், வறுமையையும் சட்டத்தையும் காரணம் காட்டினால், மனிதனின் பொறுப்பு எங்கே போகும்? நியாயமான கேள்வி. மதுவையும் போதையையும் விட்டு விலகும்படி சபை சொல்லியாக வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் பினெல்லஸின் கணக்கு நம்மிடம் கேட்பது வேறொன்று. பாவம் சமமாய் இருக்கையில் தண்டனை ஏன் பத்து மடங்காயிற்று? அந்தப் பத்து மடங்கும் ஒரு பாவம் அல்லவா? அது யாருடையது? குடித்தவரின் பொறுப்பைப் பேசுகிற வாய், தீர்ப்புச் செய்தவரின் பொறுப்பையும் பேச வேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு மௌனமாய்த் தரையில் அமர்ந்திருந்தவரை நல்லவர்களாயிருந்தார்கள். விசாரியாமல் காரணம் சொல்லத் தொடங்கியபோது தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

லூக்கா மருத்துவர் என்று பவுல் எழுதுகிறார். அந்த லூக்கா தம் சுவிசேஷத்தைத் தொடங்கும்போது, எல்லாவற்றையும் கவனமாக ஆராய்ந்து ஒழுங்காய் எழுதுவதாகத் தெரிவிக்கிறார். கவனமாக ஆராய்வது விசுவாசத்துக்கு அந்நியமானதன்று. வேதத்தை நமக்குக் கொடுத்த கரங்களில் ஒன்று ஆய்வு செய்த கரம்.

ஆகவே, பிரியமானவர்களே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, ஒரு குழந்தையின் குறையைக் கண்டு அதன் தாயைக் குறித்துப் பேச வாய் திறக்கும் முன், நிதானியுங்கள். உங்களுக்குத் தெரிந்தது எத்தனை பேரைப் பற்றி? ஒருவரைப் பற்றியா, 23 பேரைப் பற்றியா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவது தாழ்மையின் ஒரு பகுதி.

இரண்டாவது, உங்கள் மகனோ மகளோ பொதுச் சுகாதாரத்தைப் படித்து, போதைப்பழக்கத்தில் இருப்போரிடையே ஆய்வு செய்யப் போவதாகச் சொன்னால், முகம் வாடாதிருங்கள். மருத்துவரென்றும் பொறியாளரென்றும் பெருமையாய்ச் சொல்லிக்கொள்ள இயலாத வேலைதான். பலன் காண நாளாகும், சம்பளம் உறுதியிராது, அவர்கள் பழகும் மனிதர்களை ஊரார் ஏளனம் செய்வார்கள். ஆண்டவர் பழகிய மனிதர்களையும் அப்படித்தான் ஏளனம் செய்தார்கள்.

மூன்றாவது, அவர்களுக்காக ஜெபியுங்கள். மிஷனரிகளுக்காகவும் மருத்துவமனைகளுக்காகவும் ஜெபிக்கும் நாம், ஒரு ஆய்வு மேசைக்காக ஜெபித்ததுண்டா? விரைவான புகழுக்காக உண்மையை விற்றுவிடாத மனம், நிதி நின்றாலும் தளராத நெஞ்சு, எண்களுக்குப் பின்னால் இருக்கும் முகங்களை மறவாத கண்கள் அவர்களுக்கு வேண்டும்.

அந்தப் பார்வையற்ற மனிதனுக்கு முன்பாக ஆண்டவர் காரணத்தைப் பற்றிய வாதத்தை நீட்டவில்லை. பகல் இருக்கும்போதே செய்யவேண்டிய கிரியை உண்டு என்றார், குனிந்தார், மண்ணைத் தொட்டுச் சேறாக்கினார், கையை அழுக்காக்கிக்கொண்டார். இளம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பகல் குறுகியது. அதை நாம் இன்னும் குறுக்காதிருப்போமாக.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் அறியாமல் தீர்ப்புச் சொன்ன தாய்மாரையும் பிள்ளைகளையும் நீர் அறிவீர். அவர்களுடைய உண்மை நிலையைத் தேடி உழைக்கும் இளம் ஆய்வாளர்களைத் தாங்கும். அவர்களுக்குக் காலத்தையும் பொறுமையையும் தாரும். கேட்டறியும் செவியை எங்களுக்கும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.